வீட்டுக் குதிகால்

மருமகன் வலது காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தான். பட்டறைக்காரர் அதன் அடியில் காகிதத்தைத் தள்ளினார். பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். நாடாவால் விரல் மூட்டுகளைச் சுற்றினார், பிறகு மேற்பாதத்தை. கடைசியாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குதிகாலுக்கு மேலே கொண்டுபோய், பின்பக்கம் கயிறுபோல் இறங்கும் நரம்பைப் பிடித்தார்.

பிடித்த கை அங்கேயே நின்றது.

"என்ன மாமா, கொலுசு அளவா எடுக்கறீங்க?" என்றான் மருமகன்.

அவன் தங்கையின் மகன். ஒல்லி. ஒட்டடைக்குச்சி என்று குடும்பத்தில் பெயர். கூப்பிட வசதியாகக் குச்சி. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்துக்குத்தான் அவனைக் கூப்பிடுவார்கள் என்பதால் நாள் முழுக்கப் படி ஏறுவான். ஊரையே மேலே ஏத்திவிடறேன், எனக்கு மட்டும் படிக்கட்டு என்பான்.

"போன தடவைக்கு இப்ப தடிச்சிருக்கு," என்றார் பட்டறைக்காரர்.

"உடம்புல அது ஒண்ணாவது தடிக்கட்டும். அதுவும் இல்லன்னா காத்துல பறந்துடுவேன்."

வலிக்கிறதா என்று கேட்டார். காலையில் எழுந்து முதல் பத்தடிக்குக் கொஞ்சம் இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்றான். இப்போதெல்லாம் ரெண்டு மாடிக்கே மூச்சு வாங்குகிறது, அது வேறு விஷயம் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு அடுத்த காலை வைத்தான்.

பட்டறைக்காரர் தலையைத் தூக்கவில்லை. வாய்வரை ஒரு வாக்கியம் வந்து நின்றது. அவர் வேறொன்றைச் சொன்னார்.

"ரெண்டு துண்டு தோல் கூட ஒட்டணும்."

"ஒட்டுங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான ஓடணும். கடிக்காத ஷூவா குடுங்க, எத்தனை வேலை வேணா சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் சுவரில் ஆணிகளில் மரக்கட்டைகள் தொங்கின. ஆளாளின் பாத அளவுக்குச் செதுக்கியவை. அவற்றின்மேல்தான் தோலை இழுத்துத் தைப்பது. இடது சுவர் வாடிக்கைக்காரர்களுடையது. வலது சுவர் குடும்பத்துடையது. குடும்பத்துக் கட்டைகளை யாரும் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். ஒவ்வொன்றிலும் குதிகாலுக்கு மேலே தோல் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். கட்டையில் அப்படி ஒட்டினால் ஷூவின் பின்புறம் அந்த அளவுக்கு உப்பும். நரம்பு தடித்த கால் உராயாமல் உட்காரும்.

அதைக் கண்டுபிடித்தவர் அவருடைய அப்பா. வீட்டுக் குதிகால் என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வார். குதிகாலைப் பிடித்துப் பார்ப்பார். நம்ம ஆள்தான், உள்ளே வா என்பார். சிலருக்கு மூக்கில் தெரியும், சிலருக்கு நெற்றியில் தெரியும், நமக்குக் காலில் தெரிகிறது என்று வீட்டில் சிரிப்பார்கள்.

வலது சுவரில் பாதிக் கட்டைகளுக்கு ஆள் இல்லை. அப்பா இல்லை. சித்தப்பா இல்லை. அண்ணன் இல்லை. யாரும் ஐம்பதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் குடும்பம் ஒரு காரணம் வைத்திருந்தது. அப்பாவுக்குப் பீடி. சித்தப்பாவுக்குக் கோபம். அண்ணன் பீடி தொட்டதில்லை, கோபப்பட்டதில்லை; அவருக்கு ஊர்க்கண் என்று வைத்துக்கொண்டார்கள். காரணம் கிடைத்ததும் யாரும் அதற்குமேல் தேடவில்லை.

மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். பட்டறைக்காரர் லேஸ் துளை வளையங்கள் வைத்திருந்த தகர டப்பாவைத் திறந்தார். வளையங்களுக்கு அடியில் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்.

முந்தின மாதம் அவருக்கே நெஞ்சைப் பிடித்திருந்தது. மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா இளம் வயதுக்காரர். பட்டறைக்காரரின் கருவிழியைச் சுற்றியிருந்த வெள்ளை வளையத்தை விளக்கடித்துப் பார்த்தார். கைமுட்டிகளைத் தடவினார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் குந்தி, இரண்டு விரலால் அவருடைய குதிகால் நரம்பைப் பிடித்தார். தன் தொழில்காரர் ஒருவரைப் பார்த்ததுபோல் அவருக்கு இருந்தது.

இது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டார்.

"அது எங்க வீட்டுக் குதிகால்மா. எங்கப்பாவுக்கு இருந்துது. அண்ணனுக்கு இருந்துது. தங்கச்சிக்கு இருக்கு, அவ பையனுக்கு இருக்கு." அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. தரையிலிருந்தே கேட்டார்.

"அப்பா இருக்காரா?"

"இல்ல."

"அண்ணன்?"

"இல்ல."

அதன் பிறகுதான் டாக்டரம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து விளக்கினார். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்து எடுக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் அந்த வேலைக்கான மரபணு ஒன்று பழுதாக இருக்கிறது. அதனால் கொழுப்பு பிறந்த நாளிலிருந்தே ரத்தத்தில் தங்கி, இதயத்துக்குப் போகும் குழாய்களில் படிகிறது. குதிகால் நரம்பிலும் கண்ணிலும் படிவது அதே கொழுப்புதான். தின்பதால் வருவதல்ல, ஒல்லியாக இருப்பதால் வராமல் போவதும் அல்ல. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதம் கிடையாது.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் கட்டையில் முதல் தோல் துண்டை ஒட்டிய பசையின் வாசனை அவருக்கு நினைவு வந்தது.

"மாத்திரை இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஆயுசு முழுக்க சாப்பிடணும். ஆனா உங்களுக்கு மட்டும் குடுத்து அனுப்பினா என் வேலை முடியல. கூடப் பொறந்தவங்க, அவங்க பிள்ளைங்க, உங்க பிள்ளை, எல்லாரையும் ரத்தம் பாக்கச் சொல்லுங்க. குழந்தைங்களையும். சின்ன வயசுல கால்ல ஒண்ணும் தெரியாது, கண்ணுலயும் தெரியாது. ரத்தத்துல மட்டும்தான் தெரியும். நீங்க சொன்னாத்தான் அவங்க வருவாங்க. நான் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவா தட்ட முடியாது."

சொல்கிறேன் என்றார். சொல்லும் எண்ணம் அப்போது நிஜமாகவே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கெட்டவள் அல்ல. ஒரே மகளுக்குத் தட்டித் தட்டிப்போன சம்பந்தம் அந்த வாரம்தான் கூடி வந்திருந்தது.

"ஒரு கல்யாணம் முடியட்டும்," என்றாள். "பொண்ணு வீட்டு ரத்தத்துல கோளாறுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா திரும்பி வருமா? நீங்க மாத்திரையச் சாப்பிடுங்க. மத்தவங்களுக்கு அப்புறம் சொல்லலாம். எங்க ஓடிப் போகப் போறாங்க?"

அதனால்தான் டப்பா. அதனால்தான் வளையங்களுக்கு அடியில்.

மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்த அன்று தங்கையும் வந்திருந்தாள். துணிக் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். அரைநாள் விடுப்புக் கேட்டு வந்திருந்தாள். எல்லாம் பேசி முடிந்து எழப்போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாயார் ஒரு கேள்வி கேட்டார். பொதுவாகக் கேட்பதுபோல்தான் கேட்டார்.

"உங்க வீட்ல ஆம்பளைங்க சீக்கிரமா போயிடறாங்கன்னு யாரோ சொன்னாங்க. உண்மையா?"

அறையில் எல்லோரும் பட்டறைக்காரரைப் பார்த்தார்கள். அவர் செருமிக்கொண்டார். அப்பாவுக்குப் பீடி என்றார். அண்ணன் என்று தொடங்கி, ஊர்க்கண் என்று அங்கே சொல்ல முடியாது என்பதை உணர்ந்தார்.

"அண்ணனுக்குக் குடிங்க. அளவில்லாத குடி."

மாப்பிள்ளையின் தாயார் தலையை ஆட்டினார். கேள்வி முடிந்தது.

அவர்கள் போன பிறகு தங்கை தம்ளர்களை எடுத்து அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பெரியண்ணன் குடிச்சதே இல்லையே. ஏன் அப்படிச் சொன்ன?"

"சபையில ஏதாவது சொல்லணும்ல."

"செத்தவன் வந்து கேக்க மாட்டான்னா?"

அவர் பாயைச் சுருட்டினார். அவள் வற்புறுத்தவில்லை. இந்த அண்ணன் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைப்பவள் அவள். அப்பாவுக்குப் பிறகு பட்டறையைப் பிரிக்கும்போதும் அப்படித்தான். இவருக்குத் தொழில் ஓட வேண்டும் என்று தன் பங்கை விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்று அவளைக் கூட்டிவர அவர் ஆள் அனுப்பியிருந்தார்.

கல்யாணம் நடந்தது. குச்சி புது ஷூவில் மண்டபம் முழுக்க ஓடினான். நாற்காலி சுமந்தான். வயதானவர்களைப் படியேற்றிவிட்டான். நடுவில் ஒருமுறை தூணில் சாய்ந்து நின்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பட்டறைக்காரர் தூரத்திலிருந்து பார்த்தார். அருகில் போனார்.

"என்னடா?"

"வாய்வு மாமா. ஷூ மட்டும் பூ மாதிரி இருக்கு. காலே இல்லாத மாதிரி இருக்கு."

இப்போது சொல்லலாமா என்று அவருக்குத் தோன்றியது. சுற்றிலும் சம்பந்தி வீட்டு ஆட்கள். கொஞ்சம் உட்காருடா என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கல்யாணம் முடிந்தால் சொல்லலாம் என்றிருந்தது, மகள் அந்த வீட்டில் கொஞ்சம் வேர் பிடிக்கட்டும் என்று ஆனது. வேர் பிடித்தபோது, ஒரு குழந்தை பிறந்துவிட்டால் பயமில்லை என்று ஆனது. இடையில் தங்கை பலமுறை பட்டறைக்கு வந்து போனாள். குச்சி வந்தான், வாசலில் நின்று ஒரு கேலி பேசிவிட்டுப் போவான். பட்டறைக்காரர் காலையில் பட்டறையைத் திறந்ததும் டப்பாவில் கைவிடுவார். அவருடைய ரத்தத்தில் கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். மற்றவர்களை எப்போது அழைத்து வருவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். வெளியூரில் இருக்கிறார்கள் என்று இவர் சொல்லிவந்தார். தங்கை வீடு நாலு தெரு தள்ளி இருந்தது.

குச்சி ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் படிக்கட்டில் விழுந்தான். லிஃப்ட்டின் மோட்டார் மேல்தளத்தில் இருந்தது. கருவிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தவன் இரண்டு மாடிக்கு நடுவில் திரும்பும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே இறங்கி வந்த பெண்மணி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். லிஃப்ட் மெக்கானிக்குக்கே லிஃப்ட் வேண்டியிருக்கு பாருங்க என்று சிரித்திருக்கிறான். அவள் தண்ணீர் கொண்டுவந்தபோது சாய்ந்து கிடந்தான். முப்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பப் பார்த்தார்கள். முடியவில்லை.

பட்டறைக்காரர் போய்ச் சேர்ந்தபோது அவனை மூடியிருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கீழே, சுவரோரம், ஷூ இரண்டையும் யாரோ ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள். குதிகால் பக்கம் உப்பியிருந்தது. நல்ல தையல். எங்கும் பிரியவில்லை.

வந்தவர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு, ஒரு முற்பகலில் தங்கை பட்டறைக்கு வந்தாள். பேத்தியைக் கையில் பிடித்திருந்தாள். குச்சியின் மகள், இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்தவள். தங்கையின் முகம் வற்றிப்போயிருந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, வேலையை நிறுத்து. ஒண்ணு சொல்லணும். பயப்படாதே."

அவர் ஊசியை வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் தன்னைத் தனியாகக் கூப்பிட்டதை அவள் சொன்னாள். பையன் காலைப் பற்றிக் கேட்டாராம். உள்ளே பிள்ளை கிடக்கிறான், இவர் குதிகாலைப் பற்றிக் கேட்கிறாரே என்று கோபம் வந்ததாம். பிறகு அவர் இவளையே நிற்கவைத்து இவள் குதிகாலையும் பிடித்துப் பார்த்திருக்கிறார். அன்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நேற்று மறுபடி தானே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"இது ரத்தத்துல வர்ற கொழுப்பாம் அண்ணே. திங்கறதால இல்லையாம். அப்பா போனது பீடியால மட்டும் இல்ல. பெரியண்ணன் போனதும் இதுலதான். எனக்கு இருக்கு. என்கிட்டேருந்துதான் அவனுக்குப் போயிருக்கு." இங்கே கொஞ்சம் நின்றாள். "உனக்கும் இருக்கு. உன் காலு எனக்குத் தெரியாதா? மாத்திரை இருக்காம். தினம் ஒண்ணு. நீ நாளைக்கே போ. உன் பொண்ணையும் கூட்டிட்டுப் போ. சம்பந்தி வீட்ல ஏதாவது நெனைப்பாங்கன்னு தயங்காத, நான் வந்து பேசறேன். உனக்கும் ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?"

பட்டறைக்காரர் தன் கைகளைப் பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்த சூடு ஆறுவதற்குள் தங்கை நாலு தெரு நடந்து வந்திருந்தாள். அதே நாலு தெருவை அவர் இவ்வளவு காலமாக நடக்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"தெரியுமா? யாரு சொன்னா? என் மருமக சொன்னாளா?"

அவர் தகர டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். வளையங்களைப் பலகையில் கொட்டினார். கடைசியாக மாத்திரை அட்டைகள் விழுந்தன. சில காலி.

தங்கை ஒரு அட்டையை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் தனக்கு எழுதிக்கொடுத்து வாங்கிய அட்டை அவள் பையில் இருந்தது. அதையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே மாத்திரை.

"எப்பலேருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து."

"அவனுக்கு ஷூ அளவெடுத்தியே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சபையில் சொன்னதுபோல் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"முன்னாடி."

தங்கை அழவில்லை.   பேத்தியைத் தூக்கிப் பலகைமேல் உட்காரவைத்து, ஒரு காலின் செருப்பைக் கழற்றினாள்.

"புடிச்சுப் பாரு," என்றாள்.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவோ பேர் குதிகாலைப் புடிச்ச கைதான? புடி."

அவர் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்த நரம்பு மெல்லியதாக, வழுவழுப்பாக இருந்தது. தடிப்பு இல்லை. முடிச்சு இல்லை. மேலிருந்து கீழாகத் தடவினார். குழந்தை நெளிந்தது.

"கூசுது தாத்தா."

"ஒண்ணும் இல்ல," என்றார். குரலில் ஒரு ஆறுதல் வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லன்னா? இவளுக்கு வரலையா?"

அவர் கையை எடுத்தார். இந்தக் கை இத்தனை வருஷம் பிழையில்லாமல் அளவெடுத்திருக்கிறது. ஒரு நூல் அளவு கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடும். குழந்தையின் காலில் அதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

"சின்ன வயசுல கையில தெரியாது. ரத்தம் பாத்தாத்தான் தெரியும்."

"இதையும் அப்பவே சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

தங்கை குழந்தைக்குச் செருப்பை மாட்டினாள். வார் துளையில் போகவில்லை. மறுபடி மறுபடி முயன்றாள். அவர் உதவக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"அப்பா விட்டுட்டுப் போன பட்டறையைப் பிரிக்க ஆள் அனுப்பினியே. பங்குக்காரி வரணும், கையெழுத்துப் போடணும்னு. அப்பா விட்டுட்டுப் போன இந்தச் சொத்துக்கு நான் பங்குக்காரி இல்லையா? இதுக்கு மட்டும் ஏன் ஆள் அனுப்பல?"



அவள் வலது சுவருக்குப் போனாள். குச்சியின் கட்டைகளை ஆணியிலிருந்து கழற்றினாள். குதிகாலில் புதிதாக ஒட்டிய இரண்டு துண்டுத் தோலும் பழைய துண்டுகளைவிட வெளிறியிருந்தன. அவள் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கட்டைகளை ஒரு கையிலும் குழந்தையை ஒரு கையிலுமாகப் படியிறங்கினாள். அதன் பிறகு அவள் பட்டறைக்கு வரவில்லை.

குழந்தைக்கு ரத்தம் பார்த்தார்கள். இருந்தது. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் மாத்திரை தொடங்கலாம், இவள் காப்பாற்றப்படக்கூடியவள் என்று தங்கையைப் பார்த்த டாக்டர் அவளிடம் சொன்னார். அந்த வார்த்தை தங்கைக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை.

பட்டறைக்காரரின் மகளுக்கும் இருந்தது. அவர் சம்பந்தி வீட்டுக்குப் போய் நடு அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் குடித்ததில்லை என்பதையும் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் கடைசிவரை கேட்டார். பிறகு, மருமகளுக்கு மாத்திரை எங்கே வாங்குவது என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். எந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து அவர் அத்தனை காலம் வாயை மூடியிருந்தாரோ, அந்த நிமிஷம் அவ்வளவில் முடிந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டக் குனிந்தவரால் சிறிது நேரம் நிமிர முடியவில்லை.

டாக்டரம்மாவிடம் ஒருநாள் கேட்டார். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? சத்தியம் பண்ண முடியாது என்றார் டாக்டரம்மா. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் தூங்கியிருப்பார். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

இப்போது வாரத்தில் ஒருநாள் பட்டறையை மூடிவிட்டு, வலது சுவரிலிருந்து கட்டைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். பெரியப்பா வழி, சித்தப்பா வழி, அத்தை வழி. போய் உட்கார்ந்து அந்தந்த வீட்டுக் கட்டையை எடுத்து வைக்கிறார். இது உங்கப்பா கால். இது உங்க தாத்தா கால். இங்க தோல் ஒட்டியிருக்கு பாருங்க. சிலர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சிலர் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். தங்கை வீட்டுக் கதவை மட்டும் அவர் தட்டுவதில்லை.

சித்தப்பா மகன் அவரை உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி, கதவு நிலையில் கைவைத்து மறித்துக்கொண்டான். வெறுங்காலோடு நின்றிருந்தான். பட்டறைக்காரரின் கண் முதலில் அவன் குதிகாலுக்குத்தான் போனது.

"அண்ணே, மெதுவாப் பேசுங்க," என்றான். "வீட்ல கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு இருக்கா. நாலு பேர் காதுல விழுந்தா என்ன ஆகும்? ஒரு கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த வாக்கியம் அவருக்கு வார்த்தை மாறாமல் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கேட்டது. பிறகு தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து சித்தப்பாவின் கட்டையை எடுத்து அவன் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு குதிகாலும் ஒன்றுபோல் இருந்தன. வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. அந்தப் பெண்ணுக்கும் கேட்கட்டும் என்றே பேசினார்.

"நானும் இதையேதான் சொன்னேன். என் பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. என் தங்கச்சி பையன் போயிட்டான். ரத்தத்துல வர்றத யாராலயும் தடுக்க முடியாதுடா. வாய்வரைக்கும் வந்தத நான் தடுத்தேன். அதுலதான் அவன் செத்தான். வீட்ல ஒருத்தருக்கு இருக்குன்னு தெரிஞ்சா, அன்னைக்கே எல்லாருக்கும் சொல்லணும். நாள் பாத்து சொல்றதுக்கு இது நல்ல சேதி இல்ல."